1.6 கோடி ரூபாய்க்கு எதை வாங்குகிறீர்கள்?

கேள்வி: கோவையில் நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்கும் ஈஆர்பி மென்பொருள் (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிப்பது) தயாரித்து விற்கும் நிறுவனம் ஒன்றை நானும் என் பெரியப்பா மகனும் சேர்ந்து நடத்துகிறோம். சுமார் 140 பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டு வருவாய் 30 கோடி ரூபாயை ஒட்டி இருக்கிறது. இதுவரை மென்பொருளை ஒரே தொகைக்கு விற்று, அதன்பின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வாங்கி வருகிறோம். கிளவுடுக்கு (வாடிக்கையாளரின் கணினியில் இல்லாமல் இணையம் வழியாக இயங்கும் முறைக்கு) மாறி, சந்தா முறைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணன் ஒப்பவில்லை. எங்களிடம் பணம் போட்டிருக்கும் பெங்களூரு முதலீட்டு நிறுவனமோ, பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றை வைத்து ஆராய்ந்துவிடலாம் என்கிறது. வந்திருக்கும் முன்மொழிவில் 12 வார வேலைக்கு 1.6 கோடி ரூபாய் கேட்கிறார்கள், ஜிஎஸ்டி தனி. வளர்ச்சி உத்தி, விலை நிர்ணயம், பொறியாளர்களின் உற்பத்தித்திறனை அளக்கும் முறை, நிறுவன மறுசீரமைப்பு என்று அதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. எங்கள் பொறியாளர்கள், "நமக்குத் தெரியாத எதை இவர்கள் சொல்லப்போகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஆலோசனை நிறுவனங்களால் உண்மையில் பயன் உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு வந்திருக்கும் நான்கு பகுதிகளில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒன்றைத் தொடவே வேண்டாம். மற்ற இரண்டையும் நீங்களே செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். எது எது என்று சொல்வதற்கு முன்னால், எந்த அடிப்படையில் பிரிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பல ஆண்டுகள் ஆலோசனை நிறுவனத்தில் இருந்து கட்டணப் பட்டியல் அனுப்பியவன். பிறகு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் நிதிப் பொறுப்பில் இருந்து அதே பட்டியல்களுக்குக் காசோலையில் கையெழுத்துப் போட்டவன். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவனுடைய கணிப்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலோசகர்களால் பயன் உண்டா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த உறுதியான சான்று உங்கள் வாடிக்கையாளர்களின் தொழிலிலிருந்தே கிடைத்திருக்கிறது. நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு தொடங்கி, மும்பைக்கு அருகில் தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் இருந்த 17 ஜவுளி நிறுவனங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். புதிய மருந்தை எப்படிச் சோதிப்பார்களோ அதே முறை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில ஆலைகளுக்கு ஒரு பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் ஆட்களை ஐந்து மாதங்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். மற்ற ஆலைகளுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். ஆலோசகர்கள் சொன்னது எதுவும் புதுமையல்ல. துணியில் வரும் பழுதுகளை நாள்தோறும் பதிவு செய்யுங்கள், தரையைச் சுத்தமாக வையுங்கள், கிடங்கில் நூலை வகை பிரித்து அடையாளச் சீட்டு ஒட்டுங்கள், இயந்திரம் எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வையுங்கள் என்றுதான் சொன்னார்கள். இதைச் செய்த ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. ஆய்வு முடிவுகள் 2013இல் வெளியாயின.

17 சதவீதம் சிறிய எண் அல்ல. ஆகவே ஆலோசகர்கள் எல்லாரும் வெறும் ஸ்லைடு போடுகிறவர்கள் என்று சொல்லும் உங்கள் பொறியாளர்களோடு நான் முழுக்கச் சேரமாட்டேன். ஆனால் அந்தச் சோதனையில் என்ன நடந்தது என்று கவனியுங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்த வேலைமுறையை, அது போய்ச் சேராத இடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். எங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, எங்கள் தரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த முதலாளிகளுக்குப் பழுதுகளை எண்ணிக் காட்டினார்கள். ஆலோசனைத் தொழிலின் உண்மையான பலம் இதுதான். ஓரிடத்தில் தீர்ந்துபோன கணக்கை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவார்கள். இதுவரை யாருமே தீர்க்காத கணக்கைத் தீர்ப்பது அவர்கள் தொழில் அல்ல. தீர்ப்போம் என்று சொல்லி அதற்கும் கட்டணம் வாங்குவார்கள் என்பதுதான் சிக்கல்.

தொழில்நுட்ப நிறுவனத்தில் இந்த இரண்டு வகைக் கணக்குகளும் ஒரே கூரையின்கீழ் கலந்து கிடக்கின்றன. வசூல், விலை, கிளவுட் செலவு, தகவல் பாதுகாப்புத் தணிக்கை, வெளிநாட்டில் கிளை திறக்கும்போது வரும் வரி விவகாரம் எல்லாம் தீர்ந்த கணக்குகள். நூறு நிறுவனங்களில் பார்த்தவர் நூற்றியோராவது நிறுவனத்தில் வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்து எந்தப் பொருளைக் கட்ட வேண்டும், அது யாருக்குப் பிடிக்கும், எப்போது பிடிக்கும் என்பவை தீராத கணக்குகள். இங்கே நூறு நிறுவனங்களைப் பார்த்த அனுபவம் சில நேரம் உபத்திரவமாகவே முடியும்.

ஏடி அண்ட் டி கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980 வாக்கில் அந்த அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், 2000ஆம் ஆண்டில் நாட்டில் எத்தனை பேர் செல்பேசி வைத்திருப்பார்கள் என்று கணிக்கச் சொல்லி மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டதாகவும், 9 லட்சம் பேர் என்று பதில் வந்ததாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் 2000இல் அது 10 கோடியைத் தாண்டிவிட்டது. ஏடி அண்ட் டி பிற்பாடு 1994இல் மெக்கா செல்லுலர் என்ற செல்பேசி நிறுவனத்தை 1,100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கித்தான் அந்தத் தொழிலுக்குள் நுழைந்தது. ஆலோசகர்களைக் கேலி செய்ய விரும்புகிற எல்லாரும் இந்தக் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தவறான எண் பெரிதாகத் தெரியவில்லை. கைப்பெட்டி அளவுக்குக் கனமான, கார் வைத்திருப்பவர்களுக்கென்றே விற்ற கருவியைப் பார்த்து 20 ஆண்டுகளுக்கு அப்பால் கணிக்கச் சொன்னால் யாரும் தவறத்தான் செய்வார்கள். கேட்டவர்கள் யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. செல்பேசி வலையமைப்பின் அடிப்படைக் கருத்தை 1947இலேயே தாளில் எழுதியது அதே நிறுவனத்தின் பெல் ஆய்வகம். 1978இல் சிகாகோவில் அதைச் சோதித்துப் பார்த்ததும் அவர்களுடைய பொறியாளர்கள்தான். உலகத்திலேயே இந்த விஷயம் அதிகம் தெரிந்தவர்களைச் சம்பளம் கொடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே போய்க் கேட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் முன்மொழிவுக்கு வருவோம்.

முதல் பகுதி, வளர்ச்சி உத்தி. அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி சந்தா முறைக்கு மாறுவதா வேண்டாமா என்பது. இதில் பாதி தீர்ந்த கணக்கு. அதன் விடை பொதுவெளியிலேயே இருக்கிறது. 2013 மே மாதம், போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிமேல் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தது. 2012 நிதியாண்டில் 440 கோடி டாலராக இருந்த அதன் வருவாய் 2013இல் 406 கோடியாக இறங்கியது. நிகர லாபம் 83 கோடி டாலரிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. 2015இல் வருவாய் 480 கோடியைத் தொட்டது. மாறுகிற எந்த நிறுவனமும் முதலில் ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். உங்கள் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கணக்கிட எக்ஸெலில் ஒரு மாலை போதும். ஓர் ஆலைக்கு 10 லட்சத்துக்கு விற்று, இரண்டாம் ஆண்டு முதல் 15 சதவீதம் பராமரிப்புக் கட்டணம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 16 லட்சம் வரும். ஆண்டுச் சந்தா 3.5 லட்சம் என்றால் ஐந்து ஆண்டுகளில் 17.5 லட்சம். முடிவில் சந்தாதான் மேல். ஆனால் முதல் ஆண்டில் ஓர் ஆலைக்கு 6.5 லட்சம் குறைகிறது. நான்காம் ஆண்டு முடியும்போதுகூட 14.5 லட்சத்துக்கு 14 லட்சம் என்று அரை லட்சம் பின்தங்கியே இருக்கிறீர்கள். ஆண்டுக்கு எத்தனை புதிய ஆலைகள் பிடிக்கிறீர்களோ அதால் பெருக்குங்கள். அந்தத் தொகைக்கு வங்கியில் இருப்பு உண்டா, அல்லது முதலீட்டாளர் தருவாரா? அண்ணன் ஒப்பாததற்குக் காரணம் இந்தப் பள்ளமாக இருந்தால், அவர் பழமைவாதி அல்ல, பணப்புழக்கம் தெரிந்தவர்.

மீதிப் பாதி தீராத கணக்கு. நூற்பாலை முதலாளி தன் உற்பத்தி விவரமும் கொள்முதல் விலையும் ஆலை வளாகத்துக்கு வெளியே போவதற்குச் சம்மதிப்பாரா? மாதாமாதம் மென்பொருளுக்குக் கட்டணம் கட்டுவது அவருக்குப் பிடிக்குமா, அல்லது ஒரு தடவை வாங்கிப் போட்டால் நம்முடையது என்ற நிம்மதிதான் வேண்டுமா? திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் சரிந்த மாதத்தில் சந்தாவை முதலில் நிறுத்துவாரா, கடைசியில் நிறுத்துவாரா? இதற்கு மும்பையிலிருந்து வரும் இளைஞரிடம் விடை கிடையாது. அவர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் வாடிக்கையாளர்களில் பதினைந்து பேரைப் பேட்டி எடுப்பார். உங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கும் மூத்தவரிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்பார். கேட்டதை அழகாகத் தொகுத்து உங்களிடமே தருவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டுத் தொகுப்பதும் ஒரு வேலைதான். ஆனால் உங்கள் ஆலைக்காரர்கள் உங்களிடம் மனம் திறப்பதைப் போல அந்நியரிடம் திறக்கமாட்டார்கள். ஆகவே நீங்களும் அண்ணனும் சேர்ந்தே போங்கள். தனித்தனியாகப் போகாதீர்கள், போனால் அவரவர் கேட்க விரும்பியதைத்தான் கேட்டுக்கொண்டு வருவீர்கள். பழைய வாடிக்கையாளர் சிலரிடமும், உங்களை வேண்டாமென்று வேறு மென்பொருள் வாங்கியவர்களிடமும் பேசுங்கள். பிறகு மூன்று ஆலைகளுக்கு மட்டும் சந்தா முறையில் கொடுத்து, அடுத்த புதுப்பிப்பு வரை பாருங்கள். 12 வார ஆய்வு தரும் எந்த வரைபடத்தையும்விட அந்த மூன்று பேரும் அதிகம் சொல்வார்கள்.

இரண்டாவது பகுதி விலை நிர்ணயம். வாங்கலாம் என்று நான் சொன்னது இதைத்தான். இது தீர்ந்த கணக்குகளில் ஒன்று. இதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தைப் பார்க்காமலே சிலவற்றை ஊகிக்கிறேன். ஒரே மென்பொருளை ஒவ்வொரு விற்பனையாளரும் வெவ்வேறு தள்ளுபடியில் விற்றிருப்பார். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆலை இன்றும் அன்றைய விலையின் சதவீதத்தைத்தான் பராமரிப்புக் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கும். முதலாளி போனில் அழைத்தார் என்பதற்காகச் செய்து கொடுத்த மாற்றங்களுக்குப் பட்டியலே அனுப்பப்பட்டிருக்காது. உங்கள் பொறியாளர்களின் நேரத்தில் கணிசமான பங்கு அந்த இலவச வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். ஐந்து ஆண்டுப் பட்டியல்களை எடுத்து ஒரு நல்ல ஆலோசகர் உட்கார்ந்தால், சில வாரங்களில் எந்த வாடிக்கையாளரால் லாபம், யாரால் நட்டம் என்று பெயர் வாரியாகச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பவர்களால் முடியாதா? முடியும். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஆலைக்காரரின் பெயருக்கு எதிரே 'நட்டம்' என்று எழுத உங்கள் கணக்குப் பிரிவில் யாருக்கும் கை வராது. வெளியாளின் பயன் அங்கேதான். ஒன்று மட்டும்: இதற்குப் பெரிய பெயர் தேவையில்லை. மென்பொருள் விலை நிர்ணயத்தையே தொழிலாகச் செய்யும் சிறு நிறுவனத்தையோ, அனுபவமுள்ள தனி ஆளையோ தேடுங்கள். உங்களிடம் கேட்டிருக்கும் தொகையில் சிறு பங்குதான் ஆகும்.

மூன்றாவது, பொறியாளர்களின் உற்பத்தித்திறனை அளப்பது. இதைத் தொடாதீர்கள். 2023 ஆகஸ்டில் மெக்கின்சி, மென்பொருள் பொறியாளர்களின் உற்பத்தித்திறனை அளக்க முடியும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. மென்பொருள் உலகில் நெடுங்காலமாக மதிக்கப்படும் கென்ட் பெக்கும், தொழில்நுட்ப எழுத்தாளர் கெர்கெலி ஓரோஸும் அதற்கு விரிவாகப் பதில் எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் இது: உழைப்பையும், எழுதித்தள்ளிய அளவையும் அளக்கத் தொடங்கினால், ஆட்கள் அந்த அளவுகோலுக்காக வேலை செய்யத் தொடங்குவார்கள், வாடிக்கையாளருக்கு என்ன பயன் விளைந்தது என்பதைப் பாருங்கள். நான் அவர்கள் பக்கம். உங்கள் அளவுள்ள நிறுவனத்தில் யார் வேலை செய்கிறார், யார் செய்வதுபோல் காட்டுகிறார் என்பது குழுத் தலைவருக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் கோளாறு அளவுகோலில் இல்லை, குழுத் தலைவரிடம் இருக்கிறது. இந்தப் பகுதி முன்மொழிவில் இருக்கிறது என்பது பொறியாளர்களின் காதுக்கு எட்டியிருந்தால், நல்லவர்களில் சிலர் இந்நேரம் பெங்களூருக்கு விண்ணப்பம் போட்டிருப்பார்கள். இன்றே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நான்காவது, மறுசீரமைப்பு. 140 பேர் உள்ள நிறுவனத்தில் யார் யாருக்குக் கீழ் என்பதை இரண்டு உரிமையாளர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம். எழுத முடியவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

முன்மொழிவில் இல்லாத ஐந்தாவது பகுதி ஒன்றும் உண்டு. அது பத்தாவது வாரத்தில் வரும். உத்தி தயாராகிவிட்டது, கிளவுடுக்கு மாற்றும் வேலையையும் எங்கள் தொழில்நுட்பப் பிரிவே செய்து தரும் என்பார்கள். கட்டணம் இன்னொரு மடங்கு இருக்கும். கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ், தன் இணையதளத்தையும் செயலியையும் புதிதாகக் கட்டித் தரும்படி அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்து, 3.2 கோடி டாலர் கட்டணம் செலுத்தியும் தளம் செயல்பாட்டுக்கே வரவில்லை என்று 2019 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. டேப்லெட் போன்ற நடுத்தரத் திரைகளுக்கு ஏற்ற வடிவத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள் என்பது அதன் புகார்களில் ஒன்று. அக்சென்ச்சர் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வேலையில்லை. ஹெர்ட்ஸ் கார் வாடகைக்கு விடும் நிறுவனம். இணையதளத்தை வெளியே கொடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. நீங்கள் விற்பதே மென்பொருள். அதைக் கட்டும் கையை வெளியாளிடம் கொடுத்துவிட்டால் உங்களிடம் விற்க வேறென்ன இருக்கும்?

ஆலோசனையால் பயன் இல்லையென்றால் விப்ரோ ஏன் 2021இல் 145 கோடி டாலர் கொடுத்து கேப்கோ என்ற ஆலோசனை நிறுவனத்தை வாங்கியது, ஐபிஎம் ஏன் 2002இல் 350 கோடி டாலருக்குப் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸின் ஆலோசனைப் பிரிவை வாங்கியது என்று உங்கள் முதலீட்டாளர் கேட்கக்கூடும். வாங்கியது அறிவுரை கேட்பதற்கு அல்ல, விற்பதற்கு. பெரிய வங்கியின் தலைவரோடு முதலில் பேசுபவர் ஆலோசகர். அவர் பேசி முடித்ததும் மென்பொருள் வேலை பின்னாலேயே வரும். நல்ல வியாபாரம்தான். உங்கள் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது அண்ணனுக்கும் முதலீட்டாளருக்கும் வருகிறேன். இதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். உங்கள் கடிதத்தில் ஆலோசனை நிறுவனத்தின் தேவை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். சந்தையில் ஏதோ தெரியவில்லை என்பதிலிருந்து அல்ல. அண்ணன் ஒப்பவில்லை என்ற வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தில் பிறக்கிறது. சொத்துப் பிரிக்கும்போது ஊர்ப் பெரியவரை நடுவில் உட்கார வைப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. பெரியவருக்குக் காபி கொடுத்தால் போதும், இவர்களுக்கு 1.6 கோடி. தவிர, பெரியவர் இரு பக்கமும் கேட்பார். ஆலோசனை நிறுவனமோ யார் அழைத்தார்களோ, யார் மூலம் அடுத்த வேலை வருமோ, அவர்கள் பக்கம் மெல்லச் சாயும். இங்கே அழைத்தவர் முதலீட்டாளர். அவருக்குச் சந்தா வருவாய் பிடிக்கும். நாளைக்குப் பங்கை விற்கும்போது மதிப்பு கூடும். ஆகவே அறிக்கை பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் வரும். வந்த பிறகு அண்ணனோடு எப்படி வேலை செய்வீர்கள்? அவரைத் தோற்கடிக்க வெளியாளைக் கூட்டி வந்தீர்கள் என்றுதான் அவர் நினைப்பார். நினைப்பது தவறும் இல்லை.

தாராப்பூர் ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதை முக்கியமாகத் தீர்மானித்தது நிர்வாகத் திறமை அல்ல. நம்பி ஓர் ஆலையை ஒப்படைக்கக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்பது. (பெண்களிடம் ஒப்படைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது தனிக் கதை.) உங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய சொத்து நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்புவது. முதலீட்டாளரின் கோப்பில் ஓர் அறிக்கை இருக்க வேண்டும் என்பதற்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். அவருக்கு அறிக்கை தேவையென்றால், கட்டணத்தை அவருடைய நிதியிலிருந்து கொடுக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தேவை அப்போதே சுருங்கிவிடும்.

அதே ஆய்வாளர்கள் எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். ஆலோசகர்கள் கொண்டுவந்த நடைமுறைகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தன. அப்படியும் மற்ற ஆலைகளைவிட இவை முன்னேதான் இருந்தன. கைவிட்டதற்குக் காரணம் கேட்டால், பொறுப்பில் இருந்த மேலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார், முதலாளிக்கு நேரமில்லை என்பவைதான் முக்கியமானவை. ஆலோசகர் போய்விடுவார், அவர் சொன்னதைச் சுமந்துகொண்டு உள்ளே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் மாற்று யோசனை: அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து ஓர் ஆளை வேலைக்கு எடுங்கள். ஆலோசனை நிறுவனத்தில் சில ஆண்டுகள் இருந்து, அடுத்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விற்பனையோ விலையோ பார்த்தவர், சொந்த ஊர் கோவையாக இருந்து திரும்பி வர விரும்புகிறவர். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆலோசனைப் பயிற்சி வீண் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 1993இல் ஐபிஎம் 800 கோடி டாலருக்கும் மேல் நட்டத்தில் மூழ்கியபோது தலைமைக்கு வந்த லூ கெர்ஸ்ட்னர் ஒரு காலத்தில் மெக்கின்சிக்காரர். நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்று அப்போது நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டை அவர் நிறுத்தினார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது பழைய ஸ்லைடு அனுபவம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இருந்தபோது அவர் ஐபிஎம்மின் பெரிய வாடிக்கையாளர். தனித்தனிக் கருவிகளை விற்பவர்கள் ஏராளம், எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் தருபவர்தான் இல்லை என்பது வாங்குபவராக அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவெடுத்துவிட்டு 2002 வரை அங்கேயே தலைமையில் இருந்து அதன் பலனைச் சுமந்தார். நம் சுந்தர் பிச்சையும் மெக்கின்சியில் வேலை பார்த்துவிட்டு 2004இல் கூகுளுக்குப் போனவர்தான். அவர் பேர் சொல்லும்படி செய்ததெல்லாம் உள்ளே போன பிறகு.

எல்லாம் சொல்லியும் ஆலோசனை நிறுவனம் வந்தே தீரும் என்றால், ஒப்பந்தத்தில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு வந்து அசத்திய பார்ட்னர் (ஆலோசனை நிறுவனத்தின் மூத்த பங்காளர்) மறுபடி கடைசிக் கூட்டத்தில்தான் தென்படுவார். நடுவில் வேலை செய்யப்போவது படிப்பு முடித்து ஓரிரு ஆண்டுகளான இளைஞர்கள். பெரும்பாலும் கெட்டிக்காரர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் யார் யார், வாரத்துக்கு எத்தனை நாள் கோவையில் இருப்பார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் விலை விவரமும் அவர்களுடைய அடுத்த 'தொழில்துறை ஒப்பீட்டில்' பெயர் மறைத்துக்கூட இடம்பெறக் கூடாது. ஈஆர்பி விற்கும் உங்கள் போட்டியாளர் அவர்களின் அடுத்த வாடிக்கையாளராக இருக்கலாம். நான்காம் வாரத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வேண்டும். எக்ஸெல் கணக்குகளைச் சூத்திரங்களோடு கேட்டு வாங்குங்கள். படமாக ஒட்டிய ஸ்லைடை அடுத்த ஆண்டு உங்களால் திருத்த முடியாது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை முன்மொழிவுக்குப் பதில் எழுதுவது அல்ல. அந்தப் பள்ளத்தின் கணக்கை உங்கள் உண்மையான எண்களோடு போட்டு, அண்ணனிடம் காட்டி, எந்த எண்ணில் அவருக்குச் சந்தேகம் என்று கேளுங்கள். அவர் தரும் எண்ணையும் பக்கத்திலேயே ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். இருவருடைய எண்களும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்த பிறகு, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வெளியாள் வேண்டுமா என்று பாருங்கள். விலை நிர்ணயத்துக்கு ஆள் தேடும்போது அவர்கள் அனுப்பும் வேலை விவரத்தை எனக்கு அனுப்பினால், கையெழுத்திடும் முன் படித்துச் சொல்கிறேன்.